கோழியைக் கடித்தது பக்கத்து வீட்டு நாய்: யாரிடம் கேட்பது, எப்படித் தடுப்பது?

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிநாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடாதீர்கள் என்றது. நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை மறுபடி அங்கே விடக் கூடாது.

இந்தச் செய்திகளை அரைகுறையாகக் கேட்ட நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பக்கத்துத் தோட்டத்து நாய் வந்து பத்துக் கோழியைக் கடித்துப் போட்டுவிட்டது, இந்த உத்தரவை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?" முடியாது. அந்த உத்தரவுகள் எல்லாமே தெருநாயைப் பற்றியவை. ஆள் இருக்கிற நாய், அதாவது ஒரு வீட்டில் சோறு தின்று அந்த வீட்டு வாசலில் படுக்கிற நாய், சட்டத்தின் கண்ணில் வேறு. அதற்கு ஊராட்சி பொறுப்பில்லை, வளர்க்கிறவர்தான் பொறுப்பு. இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் யாரிடம் போவது, என்ன கேட்பது என்பது தெளியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

அது யார் நாய்?

2023இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் நாய்களை இரண்டாகப் பிரிக்கின்றன.

1. வளர்ப்பு நாய். தடுப்பூசி, கருத்தடை எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு.

2. தெருநாய். விதிகள் இதைச் சமூக விலங்கு என்கின்றன. கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்பின் வேலை. வேலை முடிந்ததும் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும்.

காகிதத்தில் இரண்டு. நம் ஊர்களில் மூன்றாவதாக ஒன்று உண்டு, கோழிக்குப் பெரிய எமனும் அதுதான். ஒரு வீட்டில் மிச்சம் மீதி சோறு போடுவார்கள், பெயர்கூட வைத்திருப்பார்கள், ராத்திரி அந்த வாசலில் படுத்துக் குரைக்கும். ஆனால் கழுத்தில் பட்டை கிடையாது, தடுப்பூசி கிடையாது, கட்டிப் போடுவதும் கிடையாது. திருடன் வந்தால் "எங்க நாய்", கோழி செத்தால் "அது எங்க நாயே இல்லைங்க, சும்மா வந்து படுக்குது." இந்த ஒரு வாக்கியத்தில் மாட்டித்தான் முக்கால்வாசிப் புகார்கள் நின்றுபோகின்றன.

ஆகவே கோழி செத்த பிறகு ஓடுவதைவிட, நாய் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்த நாளிலேயே அது எந்த வீட்டு நாய் என்பதற்கு ஆதாரம் சேர்ப்பது நல்லது. அந்த வாசலில் அது படுத்திருக்கும் படம், அவர்கள் சோறு வைக்கும் படம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும் வீடியோ. இது வேவு பார்ப்பது மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். பொது வழியில் நின்று உங்கள் போனில் எடுக்கும் இரண்டு படம், பிறகு வரும் பெரிய வாய்ச் சண்டையைத் தவிர்க்கும்.

வயிறு நிறைந்த நாய் ஏன் கடிக்கிறது?

"எங்க நாய்க்கு மூணு வேளை சோறு போடுறோம், அது ஏன் உங்க கோழியைத் திங்கப் போகுது?" என்று கேட்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நாயின் மனம் புரியவில்லை. நாய் கோழியைக் கடிப்பது பெரும்பாலும் பசிக்காக இல்லை. வேட்டை என்பது நாயின் உடம்பில் ஒரு தொடர்ச்சியாக ஊறியிருக்கிறது: பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறிக் கொல்வது, கடைசியில்தான் தின்பது. மனிதனோடு பல ஆயிரம் ஆண்டு இருந்ததில் சில இனங்களில் இந்தத் தொடரின் சில கண்ணிகள் மங்கின, சிலவற்றில் இன்னும் கூர்மையாயின. தின்கிற கண்ணி அறுந்து, துரத்துகிற கண்ணியும் கவ்வுகிற கண்ணியும் மட்டும் பலமாக இருக்கும் நாய்தான் பதினைந்து கோழியைக் கொன்றுவிட்டு ஒன்றைக்கூடத் தின்னாமல் போகும்.

கோழியின் சுபாவமும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. பயந்தால் அது அசையாமல் நிற்காது. சிறகடிக்கும், கத்தும், கோணல்மாணலாக ஓடும். நாய்க்கு அது ஒவ்வொன்றும் "துரத்து" என்கிற சைகை. ஒன்று அடங்கியதும் அடுத்தது சிறகடிக்கிறது, அதைப் பிடிக்கப் போகிறது, இப்படியே போகும். அடைத்து வைத்த இடத்துக்குள் நாய் புகுந்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாததற்குக் காரணம் இதுதான். கோழிக்கு ஓட இடமில்லை, நாய்க்கு நிறுத்தக் காரணமில்லை.

இதில் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

1. ஒருமுறை துரத்திப் பிடித்த நாய்க்கு அந்தச் சுகமே பரிசு. மறுபடி வரும். அதே வழியில், பெரும்பாலும் அதே நேரத்தில். "இந்த ஒரு தடவை விட்டுவிடுவோம்" என்பது கருணையாகத் தோன்றலாம், ஆனால் அடுத்த வாரம் கூண்டு காலியாகிவிடும்.

2. தனியாக வரும்போது சும்மா இருக்கும் நாய், இன்னும் இரண்டோடு சேர்ந்து வந்தால் வேறு நாய். ஒன்று துரத்தினால் மற்றவையும் துரத்தும்.

3. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்திவிடும் என்று சிலர் சொல்வார்கள். திருந்தாது. நாய்க்கு அழுகல் நாற்றம் தண்டனையே இல்லை. கடித்ததற்கும் கழுத்தில் தொங்குவதற்கும் அது முடிச்சுப் போட்டுப் பார்ப்பதும் இல்லை. நாயை வதைப்பதுதான் மிச்சம்.

கடித்தது நாய்தானா?

புகாருக்குப் போகும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். தவறாக ஒருவர் நாயின் மேல் பழி போட்டால், அப்புறம் உண்மையிலேயே அந்த நாய் கடித்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நாய் கடித்தால் செத்த கோழிகள் அங்கங்கே கிடக்கும், இறகு பரந்து சிதறியிருக்கும், கடி முதுகிலும் தொடையிலும் வால் பக்கத்திலும் இருக்கும், வலை வளைந்திருக்கும் அல்லது அடியில் மண் பறித்திருக்கும். கீரி என்றால் சின்ன ஓட்டை போதும், கடி கழுத்திலும் தலையிலும் இருக்கும். மரநாய், காட்டுப்பூனை இரண்டும் இரவில் வருபவை, பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும் அல்லது ஓர் ஓரத்தில் வைத்துத் தின்றிருக்கும். மரநாய் என்று பெயர் இருந்தாலும் அது நாய் இனமே இல்லை. நரி தூக்கிக்கொண்டு போய்விடும். குஞ்சு மட்டும் இரவில் காணாமல் போனால் பெருச்சாளி வளை இருக்கிறதா பாருங்கள், பகலில் திறந்த வெளியில் ஒவ்வொன்றாகக் குறைந்தால் வானத்தைப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, அவற்றின் மேல் கை வைத்தால் வனத்துறை வழக்கு.

ஒரு கோழி போனால் போவது ஒரு கோழி மட்டும் இல்லை

சமாதானம் பேசும்போது "ஒரு கோழி என்ன விலை, சந்தையில வாங்கித் தர்றேன்" என்று முடிக்கப் பார்ப்பார்கள். நியாயமான பேச்சுதான், ஆனால் கணக்கு தப்பு. நாட்டுக்கோழி ஆண்டு முழுக்க முட்டையிடுவதில்லை. பத்திலிருந்து பதினைந்து முட்டை வரை ஒரு ஈட்டுக்கு இட்டு, அடைக்கு உட்காரும். 21 நாள் அடை காத்துக் குஞ்சு பொரிக்கும், அப்புறம் குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு. அடைக்கோழியை நாய் கடித்தால் அடியில் இருக்கும் முட்டை அத்தனையும் கூமுட்டை. குஞ்சுக்காரக் கோழி போனால் பின்னால் வரும் குஞ்சுகளில் பாதி பருந்துக்கும் குளிருக்கும் போய்விடும். விற்கிற பருவத்துக்கு ஒரு குஞ்சு வளர நான்கைந்து மாதம் ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

செத்தவை ஒரு பக்கம் இருக்க, பிழைத்தவையும் பல நாள் முட்டையை நிறுத்திவிடும், பழைய இடத்தில் அடையாமல் மரத்தில் ஏறி அடையும். மரத்தில் அடைவதை அடுத்த விலங்கு பிடிக்கும். புறக்கடைக் கோழி என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையிருப்பு, பள்ளிக்கூடச் செலவுக்கும் திடீர் மருந்துச் செலவுக்கும் பிடித்து விற்பது அதைத்தான். ஆகவே இழப்பைச் சொல்லும்போது எத்தனை கோழி என்பதோடு, எது அடையில் இருந்தது, எது குஞ்சோடு இருந்தது, எது விடைக்கோழி (இன்னும் முட்டையிடாத இளம் கோழி) என்று பிரித்துச் சொல்லுங்கள். அப்படி ஒரு நோட்டு இருந்தால் இன்னும் நல்லது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. புகாரில் பழைய பிரிவு எண்களை எழுதாதீர்கள்.

1. பிரிவு 291 (பழைய 289). தன் விலங்கைக் கட்டுப்படுத்தாமல் அலட்சியமாக விடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். படித்ததும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் இது மனித உயிருக்கு ஆபத்தோ மனிதருக்குக் கொடுங்காயமோ வரக்கூடிய நிலைக்குத்தான். கோழிக்கு வரும் ஆபத்து இதில் இல்லை. அதே நாய் குழந்தைகளையும் விரட்டுகிறது என்றால் அதைத் தனியாக, தெளிவாகப் புகாரில் எழுதுங்கள், அப்போது இந்தப் பிரிவுக்கு வேலை உண்டு.

2. பிரிவு 325 (பழைய 428, 429). பிறர் விலங்கைக் கொன்றோ விஷம் வைத்தோ முடமாக்கியோ சேதம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. இதிலும் ஒரு நிபந்தனை: இழப்பு வர வேண்டும் என்ற எண்ணமோ, இழப்பு வரும் என்று தெரிந்தே செய்வதோ இருக்க வேண்டும். நாய் தானாக வந்து கடித்தது என்றால் உரிமையாளர் மேல் இது சுலபமாக நிற்காது. வேண்டுமென்றே ஏவிவிட்டிருந்தால் நிற்கும்.

3. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைக்கிறோமே, அது இந்தச் சட்டத்தின்படி. யானை, ஒட்டகம், பன்றி வரை பட்டியலில் உண்டு, நாய் இல்லை. ஆகவே நாயைப் பிடித்துக் கட்டிவைத்து "காசு கொடுத்துக் கூட்டிப் போ" என்று சொல்ல இந்தச் சட்டம் இடம் தராது.

இங்கிலாந்தில் 1953 முதல் கால்நடையைத் துன்புறுத்தும் நாய்க்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, கோழியும் அதில் அடக்கம். 1971இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, நாய் கோழியைக் கொன்றால் உரிமையாளர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை, இழப்பீடு தர வேண்டும். கோழியே நாய் வீட்டு நிலத்துக்குள் போய் மாட்டியிருந்தால் விலக்கு உண்டு. நம் மத்தியச் சட்டங்களில் இப்படிக் கோழிக்கென்று தனியாக எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏழைக் குடும்பத்தின் பத்துக் கோழிக்கு நீதிமன்றம் ஏறி இறங்கச் சொல்வது நியாயமில்லை.

சரி, அப்படியானால் கையில் என்ன மிச்சம்? சிவில் வழியில் இழப்பீடு கேட்கும் உரிமை. அதற்கு அடிப்படை மிகப் பழைய ஒரு கொள்கை: தன் விலங்குக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் இருப்பது உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் கட்டாமல் விட்டால் பொறுப்பு அவருடையது. முதல் தடவை கடித்தபோது "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லலாம், இரண்டாம் தடவை சொல்ல முடியாது. அதனால்தான் முதல் தடவையே எழுத்தில் தெரிவிப்பது அவ்வளவு முக்கியம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் படத்தோடு ஒரு செய்தி, அல்லது ஒப்புகையோடு ஒரு ஸ்பீடு போஸ்ட் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தத் தேதியிலிருந்து அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி வந்துவிட்டது. மேலே சொன்ன பிரிவு 325இல் வரும் "தெரிந்தே" என்ற சொல்லை வைத்து வாதாடவும் அப்போது இடம் கிடைக்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கோழி அவர் நிலத்துக்குள் போய் நாற்றங்காலைக் கிளறிக்கொண்டிருந்தபோது அவர் நாய் கடித்தது என்றால், உங்கள் பக்க நியாயம் பாதியாகக் குறைந்துவிடும். மேயவிடும் உரிமை உங்கள் எல்லை வரைக்கும்தான்.

தெருநாய் என்று முடிவானால்

திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் போராடியதும் நினைவிருக்கும். அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு தெருநாய் கடித்துச் செத்த கால்நடைகளுக்கு மாநில அரசு இழப்பீடு அறிவித்தது. ஆனால் அது தெருநாய்க்காக வந்தது. ஆள் இருக்கிற நாயைத் தெருநாய் என்று எழுதிக் கொடுத்து வாங்க நினைக்காதீர்கள், அந்தக் காகிதமே பிறகு உரிமையாளரைக் காப்பாற்றும். கேட்பதென்றால் ஊராட்சிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் மனு, கூடவே கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிய சான்று. கருத்தடை நடக்கவில்லை என்பதை கிராம சபையில் எழுப்பித் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது.

கடித்த அன்று செய்ய வேண்டியவை

1. கையில் குச்சி இல்லாமல் நாய்க்கும் கோழிக்கும் நடுவில் போகாதீர்கள். வாளித் தண்ணீர், தகரச் சத்தம், நீளமான கழி, இவை போதும். உங்களைக் கடித்துவிட்டால் கோழியை மறந்துவிட்டு, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அப்படியே ஆரம்ப சுகாதார நிலையம் போய் வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்கிவிடுங்கள். கடித்தது தெரிந்த வீட்டு நாய்தானே என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

2. எதையும் அள்ளிப் போடும் முன் படம் எடுங்கள். செத்த கோழிகள் கிடந்த இடம், கடிவாய், இறகு, கால்தடம், வலை கிழிந்த இடம். நாய் நிற்கும்போதே எடுத்துவிட்டால் அதைவிடச் சாட்சி இல்லை.

3. காயம்பட்ட கோழியைத் தனியாக, இருட்டான, காற்றோட்டமான ஒரு கூடையில் வையுங்கள். பல கோழிகள் காயத்தில் இல்லாமல் அதிர்ச்சியில் சாகின்றன. இறகை விலக்கிப் பாருங்கள், மேலே ஒன்றும் தெரியாது, அடியில் பல் பதிந்த ஓட்டை இருக்கும். உப்புத் தண்ணீரில் கழுவி அயோடின் மருந்து போடுங்கள், ஈ மொய்க்காமல் பாருங்கள், ஈ முட்டையிட்டால் இரண்டே நாளில் புழு வைத்துவிடும். ஆழமான கடி என்றால் 1962க்குப் போன் செய்து கால்நடை மருத்துவ வண்டி வருமா என்று கேளுங்கள்.

4. நாய் கடித்துச் செத்ததைச் சமைக்க வேண்டாம். எச்சில் பட்டு, நேரம் ஆகி, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாத கறி அது. மருத்துவர் பார்த்த பிறகு ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மேலாகப் போட்டால் அந்த வாசனைக்கே மறுபடி நாய் வரும்.

5. அன்றைக்கே உரிமையாளருக்குப் படங்களோடு செய்தி அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம். தேதி, நேரம், எத்தனை, என்ன வகை, இனிமேல் நாயைக் கட்டிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

6. அவர் பிடி கொடுக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்குங்கள். வழக்குப் போடாவிட்டாலும் அது ஒரு தேதியிட்ட சாட்சி. அதை வைத்துக்கொண்டு வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்குப் போகலாம். நீதிமன்றத்துக்கு வெளியே, வழக்குக்கு முந்தைய மனுவாக மக்கள் நீதிமன்றத்தில் இதைப் பேசி முடிக்க வழி இருக்கிறது, நீதிமன்றக் கட்டணம் கிடையாது, அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. கோழி விவகாரத்துக்கு இதுதான் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன்.

வேலி

எவ்வளவு சட்டம் பேசினாலும், செத்த கோழி எழுந்து வராது. ஆகவே நாய் திருந்தும் வரை காத்திராமல் வேலியைச் சரி செய்வதே முதல் வேலை. இதில் திரும்பத் திரும்பச் செய்யும் தப்பு, எல்லோரும் சிக்கன் மெஷ் வாங்குவது. அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கத்தான், நாயை வெளியே வைக்க இல்லை. நடுத்தர நாய் ஒன்று பல்லால் இழுத்தே கிழித்துவிடும். வாங்க வேண்டியது வெல்டு மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை), 14 கேஜ், அதாவது கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதைக் கடையில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 22 கேஜ் என்றால் "பெரிய எண்ணாச்சே" என்று ஏமாந்துவிடாதீர்கள்.

உயரம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது, தாவுகிற நாய் என்றால் ஆறு. ஆனால் நாய் பெரும்பாலும் தாண்டுவதில்லை, தோண்டுகிறது. வேலியின் அடியில் முன்கால்களால் மண்ணைப் பறிக்கும். அதைத் தடுக்கக் குழி வெட்டி வலையைப் புதைப்பார்கள், கூலி அதிகம். அதைவிடச் சுலபமான வழி, வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக ஒன்றரை இரண்டடி மடித்துத் தரையோடு படுக்கவைத்து, மேலே கல்லையோ மண்ணையோ போட்டுவிடுவது. நாய் வேலியின் ஓரத்தில்தான் தோண்டும், காலுக்கு அடியில் கம்பி தட்டுப்படும், இரண்டடி பின்னால் தள்ளி நின்று தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. புல் முளைத்து வலையைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் அசைக்கவே முடியாது.

கொங்குப் பக்கம் கிளுவை வேலி இருக்கிறது. உயிர்வேலி, நிழலும் தருகிறது, வெட்டித் தள்ளாதீர்கள். அதன் குறை அடியில் இருக்கும் சந்துகள்தான். கிளுவைத் தண்டுகளையே தூணாக வைத்து, அடியில் மூன்றடிக்கு மட்டும் வலையைக் கட்டிவிட்டால் பாதிச் செலவில் வேலை முடியும்.

தோட்டம் முழுக்க அடைக்கக் காசு இல்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. முப்பது கோழிக்குத் தலைக்குப் பத்துச் சதுர அடி வைத்தால் 300 சதுர அடி, பதினைந்துக்கு இருபது, சுற்றளவு வெறும் 70 அடி. வீட்டை ஒட்டி இப்படி ஒரு பலமான அடைப்பு போட்டுவிட்டு, ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் வெளியே மேயவிடலாம். நாள் முழுக்க மேய்வதற்கு இது ஈடாகாது, ஆனால் வீட்டில் யாரும் இல்லாத அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது.

இரவுக் கூண்டு தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். அடித்தளம் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டு இருந்தால், நாய் கீழே படுத்துக்கொண்டு கோழியின் காலைக் கவ்வி இழுக்கும், ஆகவே கூண்டின் அடியையும் வலையால் மறைக்க வேண்டும். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, நாய் மூக்கால் நெம்பித் தூக்கிவிடும், தாழ்ப்பாள் வேண்டும். குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை பருந்தையும் காக்காவையும் தடுக்கும், ஆனால் நாய் ஒரு தட்டு தட்டினால் கவிழ்ந்துவிடும். மேலே கனமான கல் வைத்தாலும் உருட்டிவிடும். நாய் நடமாட்டம் உள்ள இடத்தில் பஞ்சாரத்தை வெளியில் வைக்காமல் திண்ணைக்கோ அடைப்புக்கோ உள்ளே வையுங்கள்.

கினிக்கோழி வளர்க்கச் சொல்வார்கள். அன்னியர் வந்தால் ஊரைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அது மணி மட்டும்தான், காவல்காரன் கிடையாது. நீங்கள் ஓடிவரும் தூரத்தில் இருந்தால் பயன். காவலுக்கென்று நாய் வளர்ப்பதென்றால், குட்டியை மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கோழிகளோடு பழக்க வேண்டும், அந்தப் பருவம் போனால் சிரமம். சிப்பிப்பாறை, கன்னி என்ற வேட்டைநாய் இனங்கள் இரண்டும் ஓடுவதைக் கண்டால் விரட்டப் பிறந்தவை. அழகுக்காக அவற்றை வாங்கிக் கோழிக்குக் காவல் வைக்காதீர்கள்.

மின்சாரமும் விஷமும்

சூரிய மின்வேலி வேறு, வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராகக் கொடுப்பது வேறு. முதலாவதில் எனர்ஜைசர் என்ற பெட்டி ஒரு நொடிக்கு ஒருமுறை கணநேரத் துடிப்பாக மட்டும் மின்சாரத்தை விடும், சுரீரென்று அடிக்கும், கொல்லாது. மூக்கு மட்டத்தில் ஒரு கம்பி, அதற்கு மேல் ஒன்று என்று ஓடவிட்டால் நாய் பெரும்பாலும் இரண்டாம் முறை வராது. தரமுத்திரை உள்ள பெட்டியாக, எச்சரிக்கைப் பலகையோடு வையுங்கள். காட்டை ஒட்டிய நிலம் என்றால் தமிழ்நாட்டில் மின்வேலிக்குப் பதிவு விதிகள் 2023 முதல் இருக்கின்றன. இரண்டாவது, 230 வோல்ட்டை நேராகக் கொடுப்பது, கொலை. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனவர்களும் யானைகளும் அப்படிச் செத்திருக்கிறார்கள்.

விஷம் வைப்பதைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், வைக்காதீர்கள். குருணைப் பூச்சிமருந்தைக் கறியில் கலந்து வைத்தால் சாவது அந்த நாய் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? தின்ற நாய் கக்கும், கக்கியதை உங்கள் கோழியே கொத்தும், காக்கா, மயில், பக்கத்துக் குழந்தை என்று அது எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது. சட்டமும் அப்போது தலைகீழாகிவிடும். இழப்பீடு கேட்க வேண்டிய நீங்கள், பிரிவு 325இன் கீழ், தெரிந்தே செய்தவராக நிற்பீர்கள். அந்த நாய்க்கும் அது செய்வது தப்பு என்று தெரியாது. அவிழ்த்துவிட்டது மனிதர்.

நேரத்தைப் பங்கு போடுவது

எல்லாவற்றையும்விட மலிவான ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அதைப் பேசிப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம். தோட்டத்தில் நாய் எதற்கு? ராத்திரிக் காவலுக்கு. கோழி எப்போது மேயும்? பகலில். இரண்டு பேருக்கும் வேண்டிய நேரம் ஒன்றோடொன்று மோதவே இல்லை. பொழுது விடிந்து கோழியைத் திறக்கும் முன் அவர் நாயைக் கட்டிவிட வேண்டும், பொழுது சாய்ந்து கோழி அடைந்து, நீங்கள் தாழ்ப்பாள் போட்ட பிறகு அவர் அவிழ்த்துவிட வேண்டும். ஆறரை, ஆறரை என்று கடிகார நேரமாகவே பேசிவிடுங்கள், "காலையில", "சாயந்திரம்" என்று விட்டால் அவரவர் காலை அவரவருக்கு.

நாய்ப் பக்கமும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். பகல் முழுக்க வெயிலில் இரண்டடிச் சங்கிலியில் கட்டினால் அந்த நாய் வெறுத்துப் போய் இன்னும் மூர்க்கமாகும், அது வதையும்கூட. மரத்துக்கு மரம் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் வளையம் மாட்டி, வளையத்தில் சங்கிலியைக் கோத்தால் இருபது முப்பது அடிக்கு நிழலில் நடமாடும், தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கம்பிக்கும் வளையத்துக்கும் ஆகிற செலவில் பாதியை நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், "எங்க நாயே இல்லை" என்ற பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பேசி முடித்ததும் அன்றிரவே ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள்: "அண்ணா, பேசினபடி நாளையிலிருந்து காலை ஆறரைக்கு நாயைக் கட்டிருவீங்க, நான் அதுக்கப்புறம்தான் கோழியைத் திறப்பேன்." அவர் சரி என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும்.